இல்லாத ஓட்டை வழியே போனவள்

அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்கு ஒன்றும் நடக்காது. ஆனால் அவள் உடனே செய்தி அனுப்பி, மூன்றாம் பந்தியில் ஒரு தகவல் பிழை என்பாள். நாங்கள் வேலை செய்த திணைக்களத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. அதை எழுதினால் எனக்கு நடக்கும்.

அவளை முதலில் கண்டது மெல்பேர்ன் நகரத்துக்குள், ஓர் உயரமான கட்டடத்தின் பதினோராம் மாடியில். இணையப் பாதுகாப்புப் படிப்பதற்கு அரசாங்கம் கொடுக்கும் புலமைப்பரிசிலுக்கு அன்று நேர்முகத் தேர்வு. மூன்று வருடப் படிப்பின் செலவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். படித்து முடித்ததும் மூன்று வருடம் அரசாங்கத்துக்கு வேலை செய்ய வேண்டும். இடையில் விட்டால் முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். நகருக்கு மேற்கே வெரிபீயில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் அப்பா இதை இரண்டு தரம் கேட்டுவிட்டு, "படிப்பும் தந்து வேலையும் தருகினமோ? இதில எங்கையோ பிழை இருக்கவேணுமே" என்றார். பிழை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் படிப்பே என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள்: அண்மையில் நீங்கள் கவனித்த பாதுகாப்புக் குறைபாடு ஒன்றைச் சொல்லுங்கள். நான் எங்கோ ஒரு நாட்டில் எப்போதோ ஒரு வங்கிக்கு நடந்ததைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவள், "இந்தக் கட்டடம்" என்றாளாம். கீழே வரவேற்பில் பெயர் பதியாமலே அவள் மேலே வந்திருந்தாள். இரண்டு கையிலும் கோப்பி வைத்திருந்த ஒருவருக்குக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் நன்றிக்கு லிஃப்டில் தன்னுடைய கழுத்தில் தொங்கிய அட்டையைக் குனிந்து தட்டி அவளையும் பதினோராம் மாடிக்குக் கூட்டிவந்தார்.

"ஆர் அவர் எண்டு கேட்டினம். நடுவில இருக்கிறவர்தான் எண்டு சொன்னன்" என்றாள், பிறகு ஃபிளின்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது. அவள் தாயுடன் ஃபோனில், "ஓம் அம்மா, முடிஞ்சுது. இல்லை, ஒருத்தரும் சிரிக்கேல்லை" என்று சொன்னதைக் கேட்டுத்தான் அவள் தமிழ்ப் பிள்ளை என்று அறிந்து பேச்சுக் கொடுத்தேன்.

"அதை ஏன் சொன்னனீர்?"

"கேட்டவை."

"வேற ஏதும் சொல்லியிருக்கலாமே."

"கண்டிட்டன். இனிக் காணாத மாதிரி இருக்கேலாதுதானே."

அவளுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. எனக்கும் கிடைத்தது. அவளுக்கு அந்தக் குணத்தால் கிடைத்தது. எனக்கு அது இல்லாததால் கிடைத்தது என்று இப்போது நினைக்கிறேன். அரசாங்கத்துக்கு இரண்டு வகையும் வேண்டியிருக்கிறது.

அவளுடைய குடும்பம் மன்னாரிலிருந்து வந்து நகரின் மறுகோடியில் கிரான்பர்னில் இருந்தது. தகப்பன் இல்லை. தாய் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அவள் ஆள் மெலிவு. மழை வந்தாலும் வராவிட்டாலும் ஒரு பச்சை மழைக்கோட்டு. நடந்துபோகும் வழியில் பூட்டியிருக்க வேண்டிய கதவு எது இருந்தாலும் கையால் ஒருமுறை தள்ளிப் பார்ப்பாள். திறந்துகொண்டால் அங்கேயே நின்று, உரியவர் வரும்வரை காத்திருந்து சொல்லிவிட்டுத்தான் வருவாள். அவளோடு ஓர் இடத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குடும்பம் போகும் கோயிலில் தமிழ்ச் சங்கத்துச் செயலாளரைப் பிடித்துக்கொண்டாள். அங்கத்தவர்களின் பெயர், விலாசம், பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் இருந்த பட்டியலை அவர் இணையத்தில் பூட்டாமல் வைத்திருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"அங்கிள், இதை எல்லாரும் பாக்கலாம்."

"எங்கட ஆக்கள்தானே பாக்கினம், பிள்ளை."

"இல்லை அங்கிள். எல்லாரும் பாக்கலாம்."

"அதைத்தானே நானும் சொல்லுறன். எல்லாரும் எங்கட ஆக்கள்தானே."

அரை மணி நேரம் நின்று அதைப் பூட்டவைத்தாள். அடுத்த கிழமை செயலாளரே கடவுச்சொல்லை மறந்துபோனார். அந்த வருடம் ஒருவருக்கும் பிறந்தநாள் வாழ்த்து வரவில்லை. சங்கத்தில் பலர் அவளோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். தாய் என்னிடம் சொன்னார்: "வாய் மூடிக்கொண்டிருக்கிற வேலைக்குப் படிக்கிறாள் தம்பி, வாய் மூடத் தெரியாதவள்."

ஒருமுறை பயிற்சிக்கு எங்களை சிட்னிக்கு அனுப்பினார்கள். மாலையில் ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடைக்குப் போனோம். காசு வாங்கும் இடத்தில், முன்னால் வாங்கியவர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் திரையில் அப்படியே நின்றன. அவள் கடைக்காரரிடம் சொன்னாள். அவர் மதுரைக்காரர். "ஆமா மேடம், ரெண்டு வருஷமா அப்படித்தான் இருக்கு. நீங்கதான் முதல்ல படிச்சுப் பார்த்திருக்கீங்க" என்று சொல்லி, ஒரு லட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்கு அந்தப் பழக்கத்தால் கிடைத்த வெகுமதி, நான் அறிய, அந்த லட்டு ஒன்றுதான்.

படிப்பின் கடைசி வருடத்தில் அந்தப் படிவம் வந்தது. அரசாங்கத்தில் இந்த வேலை செய்வதற்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். கிளியரன்ஸ் என்பார்கள். அதற்கு ஒரு படிவம். எங்கெங்கே இருந்தாய், யார் யாரோடு பழகினாய், வெளிநாட்டில் உனக்கு யார் இருக்கிறார்கள், அவர்களின் பெயர் என்ன, எந்தத் தெரு, என்ன தொழில் என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலையில் நூலகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து இருவரும் பதிவு செய்தோம். எனக்கு ஓர் இலக்கம் வந்தது. அவளுக்கு அடுத்த இலக்கம் வந்தது.

வீட்டில் அப்பாவிடம் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமாவின் விலாசத்தைக் கேட்டேன். மாமா அம்மாவின் தம்பி. அம்மா இறந்த பிறகும் அப்பா ஒவ்வொரு கிழமையும் அவரோடு கதைப்பார். ஒரு காலத்தில் மாமாவின் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இருந்ததென்றும், அதனால் அவரைக் கொண்டுபோனார்கள், பிறகு விட்டார்கள் என்றும் மட்டும் எனக்குத் தெரியும்.

"அவன்ர அட்ரஸ் எதுக்கு?" என்றார் அப்பா.

"கவர்மென்டுக்குத்தானே குடுக்கிறம், அப்பா. பத்திரமா வைச்சிருப்பினம்."

"அங்கையும் கவர்மென்டுக்குத்தான் குடுத்தனாங்கள்."

இரண்டு நாள் கழித்து, சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டில் எழுதி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்.

அவளுடைய படிவம் வேறொரு இடத்தில் நின்றுவிட்டது. அவளுடைய சித்தப்பா ஒருவர் யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல்போனவர். படிவத்தில் ஒவ்வோர் உறவினருக்கும் இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன: உயிருடன் இருக்கிறார், இறந்துவிட்டார். இரண்டில் ஒன்றை அமத்தாமல் அடுத்த பக்கம் வராது. நானென்றால் ஏதாவது ஒன்றை அமத்திவிட்டுப் போயிருப்பேன். அவள் உதவி எண்ணுக்கு ஃபோன் எடுத்தாள். மிகக் கிட்டியதைத் தெரிவுசெய்யுங்கள் என்றார்கள். "எது கிட்ட எண்டு தெரிஞ்சால் என்ர அப்பம்மா இவ்வளவு காலமும் அழ வேண்டி வந்திராது" என்று எனக்குச் சொன்னாள். அவர்களுக்கு, உங்கள் படிவத்தில் பிழை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். நாலு கிழமையாக ஒவ்வொரு நாளும் சொன்னாள். அதற்குள் எனக்கு அனுமதியே வந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் மூன்றாவதாக ஒரு பொத்தான் முளைத்தது: தெரியாது.

பட்டமளிப்பு விழாப் படத்தைக்கூட அவள் ஒருவருக்கும் அனுப்பவில்லை. அந்தப் பொத்தானின் படத்தை எல்லோருக்கும் அனுப்பினாள்.

வேலைக்கு இருவரையும் ஒரே திணைக்களத்துக்கு எடுத்தார்கள். வாசலிலேயே ஒரு பெரிய சுவரொட்டி: கண்டால் சொல்லுங்கள். அப்படியான சுவரொட்டிகளைத் தயாரிக்கும் பிரிவில்தான் அவளைப் போட்டார்கள். மூன்று வருடம் ஓட்டை கண்டுபிடிக்கப் படித்தவள், ஒரு பூட்டுப் படத்துக்குச் சிரித்த முகம் போடுவதா சாதாரண முகம் போடுவதா என்று கூட்டத்தில் இருந்து கதைத்தாள்.

என்னை நிறம் போடும் பிரிவில் விட்டார்கள். திணைக்களத்தின் கணினிகளில் உள்ள ஆபத்துகள் எல்லாம் ஒரு பெரிய அட்டவணையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை. என் மேலதிகாரி அமைதியான மனிதர். முதல் நாளே எனக்குத் தொழிலைச் சொல்லித் தந்தார். சிவப்புப் போட்டால் மேலிடம் ஏன் என்று கேட்கும். பச்சை போட்டால் யாராவது ஒருநாள் சரிபார்ப்பார்கள். மஞ்சள்தான் பாதுகாப்பான நிறம். அவருடைய அட்டவணை ஆவணி மாதத்து மெல்பேர்ன் வீதியோரத்து வாட்டில் மரம்போல ஒரே மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தேன்.

ஒரு வருடம் இப்படிப் போனது. அவளும் தாயும் வீடு மாறினார்கள். புது விலாசத்தைப் பதிய அவள் தன்னுடைய படிவத்தைத் திரும்பத் திறந்தாள். திரையின் மேலே, இணைய விலாசத்தின் நுனியில் அவளுடைய இலக்கம் தெரிந்தது. தள்ளிப் பார்க்காமல் அவளால் எந்தக் கதவையும் கடக்க முடியாது. கடைசி இலக்கத்தில் ஒன்றைக் குறைத்தாள்.

மத்தியானம் என்னுடைய மேசைக்கு வந்து, குனிந்து, மெதுவாக ஒரு பெயரையும் ஒரு தெருவையும் சொன்னாள். மாமாவின் பெயர். மாமாவின் தெரு.

"உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒரு இலக்கம் மாத்தினன், உம்மட ஃபோம் வந்திட்டுது. வந்த உடனே மூடிட்டன். ஆனா என்னைப்போல ஆரும் மாத்தலாம். எல்லாற்ர சொந்தக்காரரும் அதுக்குள்ள இருக்கினம்."

"இப்ப என்ன செய்யப்போறீர்?"

"எழுதிக் குடுக்கப்போறன்."

"என்ர பேரைப் போடாதையும்" என்றேன். அப்போது என் வாயில் வந்த முதல் வசனம் அதுதான்.

அவள் போடவில்லை. வேறொருவரின் படிவம் என்று மட்டும் எழுதினாள். அந்த அறிக்கை நிறம் போடுவதற்கு எங்கள் பிரிவுக்கே வந்தது. என் மேலதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார். மஞ்சள் போட்டார்.

ஆனால் இரண்டே நாளில் அந்த ஓட்டை சத்தமில்லாமல் அடைபட்டது. அதன் பிறகு விசாரணை தொடங்கியது. ஓட்டையைப் பற்றியல்ல, அவளைப் பற்றி. ஓர் அறையில் மூன்று அதிகாரிகள். மேசையில், அழுதால் துடைக்க ஒரு பெட்டி கடதாசி. நீ ஏன் இலக்கத்தை மாற்றினாய் என்று கேட்டார்கள். மாற்றிப் பார்ப்பதற்குத்தானே என்னைப் படிக்கவைத்தீர்கள் என்றாள். யாருடைய படிவத்தைப் பார்த்தாய் என்றார்கள். அவரைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றாள்.

முடிவு எழுத்தில் வந்தது. அவள் சொல்லும் குறைபாடு கணினியில் இப்போது காணப்படவில்லை. அப்படி ஒன்று இருந்ததற்கு உறுதியான சான்றும் இல்லை. ஆனால் அனுமதியின்றி அவள் இன்னொருவரின் கோப்புக்குள் நுழைந்ததற்கு அவளே எழுதிக் கொடுத்த சான்று இருக்கிறது. ஆக, இல்லாத ஓர் ஓட்டை வழியாக அவள் உள்ளே போனது உறுதியாயிற்று. அவளுடைய கிளியரன்ஸை நிறுத்திவைத்தார்கள். கிளியரன்ஸ் இல்லாதவர் அங்கே வேலை செய்ய முடியாது. வேலை செய்யாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்ததாகும். முறித்தால் படிப்புச் செலவு முழுவதையும் கட்ட வேண்டும். "அப்ப என்னை வேலை செய்ய விடுங்கோ" என்று கேட்டாளாம். வேலை செய்ய விருப்பமுள்ளவர் என்பதைக் குறித்துக்கொள்கிறோம் என்றார்களாம்.

அடுத்த நாள் கட்டடத்துக்கு வெளியே, ட்ராம் தரிப்பிடத்தில் எனக்காக நின்றாள். கழுத்தில் அட்டை இல்லை.

"ஒரு கடிதம் தருவீரோ? நான் பாத்தது உம்மட ஃபோம் எண்டு. நான் சொன்ன பேரும் தெருவும் சரி எண்டு. அவ்வளவும் போதும்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

"ஓம். யோசியும்" என்றாள். கோபப்படவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனிதரின் முதுகுப்பை திறந்து கிடந்தது. அதை அவரிடம் சொல்லிவிட்டு ட்ராமில் ஏறிப் போனாள்.

நான் யோசித்தேன். ஒன்பது நாள் யோசித்தேன். பத்தாம் நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். சட்டப்படி அதுவும் சொல்லக்கூடாததுதான். மாமாவின் விபரம் வெளியில் கிடந்ததை, அவள் கண்டதை, அவளுக்கு நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"நீ என்ன செய்தனி?" என்றார்.

"நான் என்னப்பா செய்யிறது? எனக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு."

அப்பா புட்டை முடித்தார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தார்.

இரண்டு நாள் கழித்து வரவேற்பிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. உங்களுடைய குடும்பப் பெயரோடு ஒருவர் வந்திருக்கிறார், பஸ் ஓட்டுநர் சீருடையில் இருக்கிறார், தெரியுமா என்றார்கள். இறங்கிப் போனேன். அப்பா ஒரு கதிரையில் முதுகு நிமிர்ந்து இருந்தார்.

"நீ மேல போ. இது உன்ர அலுவல் இல்லை. நான் மாமாவுக்காக வந்தனான்."

நான் மேலே போகவில்லை. தூணோடு நின்றேன். ஒரு பெண் அதிகாரி இறங்கி வந்தார். அப்பாவின் ஆங்கிலம் பஸ்ஸுக்கு அளவானது. ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியவற்றை அதில் சொல்லலாம். அதை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். என் மைத்துனரின் பெயரை ஒரு பெண் பார்த்தாள். அவள் வந்து உங்களுக்குச் சொன்னாள். பார்த்துவிட்டுச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்?

அந்த அதிகாரி மேலே பார்த்தார், கீழே பார்த்தார். எழுத்தில் தந்தால் பதில் தருவோம் என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். நூலகத்தில் யாரையோ பிடித்துத் தட்டச்சு செய்வித்திருந்தார். என்னைக் கேட்கவில்லை.

எங்களுடைய அட்டவணையில் பொதுமக்களின் முறைப்பாட்டுக்கு மஞ்சள் கிடையாது. பதில் எழுதியே ஆக வேண்டும். பதில் எழுதுவதென்றால் ஓட்டை இருந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். பல கூட்டங்களுக்குப் பிறகு, படிவம் நிரப்பிய எல்லோருக்கும் ஒரு கடிதம் போனது. உங்கள் உறவினர்களின் விபரங்கள் பார்க்கப்பட்டிருக்கக்கூடிய வாய்ப்பை முற்றாக நிராகரிக்க இயலாத நிலையில் இருக்கிறோம் என்று அதில் இருந்தது. அப்பா எனக்கு அதை வாசித்துக் காட்டி, "இதுக்குத் தமிழ் என்ன?" என்று கேட்டார். பார்த்திருக்கிறார்கள் என்றேன்.

ஓட்டை இருந்ததென்று ஆனபின் அவளைத் தண்டிக்கவும் முடியவில்லை, பாராட்டவும் மனம் வரவில்லை. அவள் ஆற்ற வேண்டிய சேவை முழுமையாக நிறைவேறியதாகக் கருதி, நன்றியோடு விடுவிப்பதாக எழுதினார்கள். எங்கள் புலமைப்பரிசில் தொகுதியில் மூன்று வருடச் சேவையைப் பதினான்கு மாதத்தில் முடித்தவள் அவள் ஒருத்திதான். நடந்ததைப் பற்றி வெளியில் பேச மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். "நடந்தது" என்றால் எது, அதைத் தெளிவாக எழுதித் தாருங்கள் என்றாள். அதை எழுத ஒருவரும் விரும்பவில்லை. அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது அவள் சிட்னியில் ஆஸ்பத்திரிகளின் கணினிகளைப் பார்க்கும் வேலையில் இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் சிலர் அவளைக் கண்டால் வேறு லிஃப்டில் ஏறுவார்களாம்.

போவதற்கு முன் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அந்தக் கிழமைதான் எனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. அடுத்த படிக் கிளியரன்ஸும் வந்திருந்தது. அரசாங்கத்தின் இன்னும் ஆழமான இரகசியங்களைப் பார்க்க நான் நம்பிக்கையானவன் என்று அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் மனதார வாழ்த்தினாள். அப்பா தேத்தண்ணி போடச் சொன்னார்.

நான் குசினிக்குள் நின்றேன். தண்ணீர் கொதிக்கும் சத்தத்துக்கு மேலால் அப்பாவின் குரல் கேட்டது.

"பிள்ளை, அவன்ர பேர் முதல்ல எப்பிடி அந்தப் பட்டியலுக்குள்ள போனது எண்டு உமக்குத் தெரியாது."

"சொல்லுங்கோ அங்கிள்."

அப்பா சொல்லத் தொடங்கினார். ஒரு மழைக்காலத்து விடியற்காலை, ஒரு பள்ளிக்கூடத்து மதில், அம்மாவின் ஒரு கடிதம். எனக்கு எட்டியது அவ்வளவும்தான். இத்தனை வருடத்தில் அதில் ஒரு சொல்லைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு, சத்தம் வராமல் உள்ளே போனேன்.

என்னைக் கண்டதும் அப்பா கதையை நிறுத்தினார். சீனி போட்டதா என்று கேட்டார்.